பொறியாளருக்கு இங்கு என்ன வேலை?

தமிழாசிரியர் கூடும் அவைகளில் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தைப் பற்றிய பேச்சு எழுந்தால், அதன் பின்னாலேயே ஒரு வினாவும் எழுவது வழக்கமாகிவிட்டது. "கணிப்பொறி நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்குக் கலைக்களஞ்சியத்தில் என்ன வேலை?" என்பதே அவ்வினா. வடிவத்தால் வினாவாயினும் இது விடை வேண்டி எழுந்ததன்று. முன்னரே எழுதி வைத்துக்கொண்ட தீர்ப்பு. அறிவு என்பது பட்டம் பெற்ற புலவரின் காணியாட்சி. பிறர் அதிற் கால் வைப்பது அத்துமீறல். ஓய்வு நேரத்திற் செய்யப்படுவது பொழுதைப் போக்குமேயன்றிப் பொருளை ஆக்காது. இம்மூன்று எண்ணங்களும் அந்த ஒரு வினாவுக்குள் ஒளிந்து நிற்கின்றன. மூன்றும் பிழைபட்டவை.

அவ்வினாவைத் தொடுத்தவரே மறுநாட் காலை வகுப்பறைக்குட் புகுமுன், ஒரு புலவரின் காலத்தையோ ஓர் ஊரின் வரலாற்றையோ அதே களஞ்சியத்தில் தேடிப் படித்துவிட்டுத்தான் புகுகிறார் என்பது ஊரறிந்த இரகசியம். அவருடைய மாணவரோ தேடிப் படிப்பதோடு நில்லாமல் வரிக்கு வரி பெயர்த்தெழுதி ஒப்படைப்பாக்கிக் கொடுக்கின்றனர். உண்பது அவ்வீட்டுச் சோறு; பழிப்பது அவ்வீட்டு அடுப்பை.

விக்கி என்னும் அமைப்பை முதன்முதல் ஆக்கியவரின் வாழ்க்கையைச் சற்றே விரித்துப் பார்த்தால், பொறியாளருக்கு இங்கு என்ன வேலை என்பது தானே விளங்கும்.

வார்டு கன்னிங்காம் 1949ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். பர்டியூ பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலையும் கணிப்பொறியியலையும் இணைத்துக் கற்று இளநிலைப் பட்டமும், பின்னர்க் கணிப்பொறியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில் முதன்மைப் பொறியாளராகவும், வயட் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஆய்வு வளர்ச்சித் துறையின் இயக்குநராகவும் பணியாற்றித் தமக்கெனச் சிறியதோர் ஆலோசனை நிறுவனத்தையும் நிறுவினார். 2003 இறுதியில் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து 2005 வரை இருந்தார்; அதன்பின் எக்ளிப்ஸ் அமைப்பில் இருந்தார். அரை நூற்றாண்டுக் காலத்தில் ஒரு பொறியாளர் எத்தனை வாயில்களில் ஏறி இறங்குவாரோ அத்தனையிலும் ஏறி இறங்கியவர் என்று சொல்லி இப்பட்டியலை முடிக்கலாம். அவர் சம்பளம் வாங்கிய இடங்களைக் காட்டிலும் அவ்விடங்களில் அவர் எண்ணிய முறையே ஆசிரியருலகு கருத்திற் கொள்ளத் தக்கது.

1989இல் அவரும் கெண்ட் பெக் என்பாரும் ஒரு கற்பித்தல் முறையை வெளியிட்டனர். மென்பொருளின் உறுப்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு இயைந்து வேலை செய்கின்றன என்பதைப் புதியவர்க்கு விளக்குவது கடினமாயிருந்தது. அவர்கள் செய்தது யாது? கணிப்பொறியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையில் வெற்று அட்டைகளைக் கொடுத்தனர். ஓர் உறுப்புக்கு ஓர் அட்டை. அதில் அவ்வுறுப்பின் பெயர், அதன் கடமை, அதற்குத் துணை நிற்கும் பிற உறுப்புகளின் பெயர்கள். அட்டையில் இடம் சிறிதாகலின் வெற்றுரைக்கு வழியில்லை. மேசைமேல் அட்டைகளை நகர்த்தி நகர்த்தியே மாணவர் சிந்திக்கப் பழகினர். இதனைச் செய்தவர் கல்வியியற் பேராசிரியர் அல்லர். நிரல் எழுதிப் பிழைத்த பொறியாளர். பயிற்றுதுணைப்பொருள் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஆண்டு முழுதும் ஓதப்படுவதன் சாரம் அந்த அட்டைக்குள் இருந்தது.

1992இல் அவர் கூறிய உவமை ஒன்று இன்று மென்பொருள் உலகெங்கும் வழங்குகிறது. முற்ற முதிராத நிரலை வெளியிடுவது கடன் வாங்குவதை ஒக்கும் என்றார் அவர். சிறிது கடன் வேலையை விரைவுபடுத்தும். ஆயின் விரைவில் திருத்தி எழுதி அதனை அடைத்துவிடல் வேண்டும். அடைக்காமல் விட்டால் வட்டி ஏறி, வேலை முழுதும் அவ்வட்டிக்கே போய்விடும். கடன் வாங்குவதே பாவம் என்று அவர் சொல்லவில்லை என்பதும், வாங்கிவிட்டு மறந்துவிடலாம் என்றும் சொல்லவில்லை என்பதும் ஈண்டுக் குறிக்கத் தக்கன. கலைக்களஞ்சியத்தின் குறுங்கட்டுரையும் அத்தகைய கடனே. ஒருவர் ஐந்து வரி எழுதிவிட்டுப் போகிறார். அதனைப் பிறர் வந்து வளர்க்க வேண்டும். வளர்க்கும் தகுதியுடையோர் கரையில் நின்று, "ஐந்தே வரிதானா?" என்று நகைத்தால் வட்டி ஏறாமல் என் செய்யும்?

விக்கியின் வித்தும் அட்டையிலேயே கிடந்தது. 1980களின் பிற்பகுதியில், ஆப்பிள் நிறுவனத்தின் ஹைப்பர்கார்டு என்னும் மென்பொருளில், தம் நிறுவனத்தில் எந்தக் கருத்து யாரிடமிருந்து யாரிடம் பரவியது என்பதைப் பதிந்துவைக்க அவர் ஓர் அட்டைத் தொகுதி செய்தார். ஓர் அட்டையிலிருந்து மற்றோர் அட்டைக்குத் தாவலாம். தாவ வேண்டிய அட்டை இன்னும் எழுதப்படவில்லையாயின் அப்போதே அதனைப் புதிதாக எழுதத் தொடங்கலாம். இல்லாத பக்கத்திற்கும் முன்கூட்டியே வழி போட்டு வைத்தல் என்னும் இச்சிறு நுட்பமே பின்னர் விக்கிப்பீடியாவிற் சிவப்பு நிறத்தில் தோன்றும் இணைப்பாயிற்று. "இங்கு ஒரு கட்டுரை வேண்டும், இன்னும் எவரும் எழுதவில்லை" என்பதே அச்சிவப்பின் பொருள். குறையை மறைக்காமல், குறை இருக்கும் இடத்திலேயே அதனைச் சுட்டி, கண்டவரையே எழுத அழைக்கும் ஒழுங்கு அது.

1995ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் அவர் தம் தளத்தில் விக்கிவிக்கிவெப் என்பதனை நிறுவினார். ஹொனலுலு விமான நிலையத்தில் முனையங்களுக்கிடையே ஓடும் பேருந்துக்கு விக்கிவிக்கி என்று பெயர். ஹவாய் மொழியில் விரைவு என்பது பொருள். அங்கு ஒருமுறை பணியாளர் ஒருவர் அப்பேருந்தில் ஏறிச் செல்லுமாறு கூறியது நினைவில் நின்று இப்பெயராயிற்று. நிரலாளர் தம் பட்டறிவை ஒருவர்க்கொருவர் எழுதி வைப்பதற்காகவே அஃது ஆக்கப்பெற்றது. எவரும் எப்பக்கத்தையும் திருத்தலாம், வாயிற்காவலர் இல்லை. அவ்வமைப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. பெற்றிருந்தால் விக்கிப்பீடியா தோன்றியிருக்குமா என்பது ஐயமே. 2011இல், அறுபதைக் கடந்த பின்னரும், ஒவ்வொருவரும் தத்தம் படியை வைத்துக்கொண்டே பிறர் எழுதியதைத் தம் பக்கத்திற்கு எடுத்து வளர்க்கும் வேறொரு விக்கி முறையைச் செய்யத் தொடங்கினார்.

அவர் பொழுதுபோக்குகளுள் ஒன்று அமெச்சூர் வானொலி. அமெரிக்காவில் அதற்கென வழங்கப்படும் உரிமங்களுள் உயர்ந்த நிலையிலுள்ள உரிமத்தை அவர் பெற்றவர். ஆண்டென்னாவை நிறுத்தி, முன்பின் அறியாத ஒருவரின் குரலையோ மோர்ஸ் ஒலியையோ கடல் கடந்து கேட்டு மறுமொழி தருவதே அக்கலை. அதற்குத் தேர்வு எழுத வேண்டும்; விதிகளைப் படிக்க வேண்டும்; கூலி வாங்கிக்கொண்டு செய்தி அனுப்பலாகாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. கூலியின்றிச் செய்யப்படுவதாகலின் அதனைத் தரமற்றது என்று எவரும் கூறுவதில்லை. புயலிலும் நிலநடுக்கத்திலும் தொலைபேசிக் கம்பிகள் அறுந்தபோது பல நாடுகளில் செய்தி கொண்டு சென்றவர்கள் இவ்வானொலிப் பொழுதுபோக்கினரே. பொழுதுபோக்கு என்னும் சொல்லைத் தமிழர் ஏளனச் சொல்லாக்கி வைத்திருப்பது, பொழுதை எவ்வாறு போக்குவது என்று அறியாமையால் வந்த வினை போலும்.

இனி, புலவர் காணியாட்சி என்னும் வாதத்திற்கு வருவோர்க்கு நடந்த வரலாறே விடை தருகிறது. ஜிம்மி வேல்சு என்பாரின் முயற்சியால் 2000ஆம் ஆண்டு மார்ச்சில் நியூப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கப்பெற்றது. அதன் தலைமைத் தொகுப்பாளர் லாரி சாங்கர் மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றவர். துறை வல்லுநரே எழுதுவர். ஒவ்வொரு கட்டுரையும் ஏழு படிகளைக் கடந்தே வெளிவரும். தமிழாசிரியர் பலர் எவ்வாறு இருக்க வேண்டும் என்று விரும்புகிறார்களோ அவ்வாறே அஃது இருந்தது. விளைவு என்ன? 2003இல் அது மூடப்பட்டபோது முற்றுப்பெற்று நின்றவை ஏறத்தாழ 25 கட்டுரைகளே. இடையில், 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சாங்கருக்கு நண்பரான பென் கோவிட்சு என்னும் நிரலாளர் கன்னிங்காமின் விக்கியைப் பற்றி அவருக்கு எடுத்துரைத்தார். சனவரி 15ஆம் நாள் விக்கிப்பீடியா தொடங்கியது; ஓராண்டுக்குள் ஏறத்தாழ 20,000 கட்டுரைகளைக் கண்டது. அதன் மென்பொருளை அடுத்தடுத்துப் புதுக்கி எழுதித் தந்தவர்களும் தன்னார்வலரே. ஒருவர் உயிர்வேதியியல் பயின்ற மாணவர், மற்றொருவர் நிரலாளர்.

"அளவு பெருகியது, தரம் எங்கே?" என்று அடுத்த அம்பு பாயும். பாயட்டும். அது நேர்மையான அம்பே. 2005ஆம் ஆண்டில் அமெரிக்க இதழாளர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பில், கென்னடி கொலையோடு அவரைத் தொடர்புபடுத்திய பொய்யொன்று விளையாட்டாக எழுதப்பட்டு, நான்கு திங்கள் எவர் கண்ணிலும் படாமற் கிடந்தது. அது மன்னிக்கத் தக்க பிழையன்று. அதே ஆண்டு இறுதியில் நேச்சர் இதழ் அறிவியற் கட்டுரைகள் 42ஐ வல்லுநரிடம் கொடுத்து ஒப்பிடச் செய்தது. விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரைக்குச் சராசரி நான்கு பிழைகள். பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் மூன்று. அவ்வாய்வு முறையைப் பிரித்தானிக்கா கடுமையாக மறுத்தது என்பதையும் சொல்லிவிடுதலே முறை. ஆயினும் எவரும் மறுக்கவொண்ணாத உண்மை ஒன்று அதிலே உண்டு. பெரும்புலவர் எழுதிய ஏட்டிலும் பிழை இருந்தது. அச்சேறிய பிழை அடுத்த பதிப்பு வரையில் நூலக அலமாரியில் அப்படியே நின்றது. 2012இல் பிரித்தானிக்கா தன் அச்சுப் பதிப்பை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. பிழை உள்ளதா என்பது மட்டும் கேள்வியன்று. கண்டவர் திருத்த வழியுண்டா, வழியிருந்தும் திருத்துவார் உளரா என்பதும் கேள்வியே.

கன்னிங்காம் வழியைத் திறந்து வைத்தார். அவ்வழியில் நடந்து திருத்தும் பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டின், அதனைத் தருபவரும் ஒரு பொறியாளரே.

கலிபோர்னியாவைச் சேர்ந்த மூத்த மென்பொருள் பொறியாளர் அவர். ஆங்கிலத்தில் 'கம்ப்ரைசு' என்னும் வினைக்கு, முழுமை தன் உறுப்புகளை உள்ளடக்குதல் என்பது பழைய பொருள். அதனைத் தலைகீழாக்கி 'கம்ப்ரைசுடு ஆஃப்' என்று எழுதுவது பெருவழக்காகிவிட்டது. அது பிழை என்பது அவர் துணிபு. 2007இல் தொடங்கி ஆங்கில விக்கிப்பீடியாவில் அத்தொடர் வரும் இடங்களைத் தேடித் திருத்தி வந்தார். தேடுவதற்குத் தாமே ஒரு நிரல் எழுதிக்கொண்டார். ஆனால் திருத்துவதை நிரலிடம் விடவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் தம் கண்ணாற் படித்து, அவ்விடத்துக்கு எச்சொல் பொருந்தும் என்று தேர்ந்து கையாலேயே மாற்றினார். மேற்கோளுக்குள் வந்தவற்றைத் தொடவில்லை. வாரந்தோறும் புதியன முளைக்கும், வாரந்தோறும் களைவார். தாம் ஏன் இதனைச் செய்கிறார் என்பதை விளக்கி நெடியதொரு கட்டுரையும் தம் பக்கத்தில் எழுதி வைத்தார். 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இச்செய்தி இதழ்களில் வெளிவந்தபோது அவர் செய்திருந்த திருத்தங்கள் ஏறத்தாழ 47,000.

அவரை நகைத்தவர் பலர். அத்தொடர் பிழையே அன்று, அகராதிகள் சில அதனை ஏற்றுக்கொண்டுள்ளன என்று வாதிட்டவரும் உளர்; அவ்வாதத்தில் ஆற்றல் இல்லாமலும் இல்லை. ஆனால் அவர் சரியா தவறா என்பது இங்கு வழக்கன்று. ஒரு மொழியில் ஒரே ஒரு தொடரைப் பற்றி மனம் உறுத்தியவர், அவ்வுறுத்தலைப் புலம்பலாக்காமல் வேலையாக்கினார். நிரலில் பிழை கண்டால் பொறியாளர் மேடையேறி, "ஐயகோ, நிரல் அழிகிறதே!" என்று முழங்குவதில்லை. எந்த வரியில் பிழை என்று பார்க்கிறார், அவ்வரியைத் திருத்துகிறார், ஏன் திருத்தினார் என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறார். தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. பொறியாளருக்கு இங்கு என்ன வேலை என்றால், இதுதான் வேலை.

தமிழ் மேடைகளில் நடப்பதென்ன? மொழிப்பிழை பற்றிய சினம் இல்லாத தமிழாசிரியரைக் காண்டல் அரிது. மூன்று நூறுகளை முந்நூறு என்று எழுத வேண்டியிருக்க, முன்னூறு என்று எழுதி, முன்னே உள்ள நூறு என்று பொருள்படச் செய்கின்றனரே என்று வருந்துவர். நினைவுகூர்ந்தார் என்பதை நினைவுகூறினார் என்று எழுதுகின்றனரே, கூர்தல் வேறு, கூறல் வேறு என்பது கூடவா தெரியாது என்று கொதிப்பர். வல்லெழுத்து மிகவேண்டிய இடத்தில் மிகாமலும் மிகாத இடத்தில் மிகுந்தும் நிற்பதைக் காட்டி ஒரு மணி நேரம் பேசுவர். பேச்சுக்குக் கைதட்டல் கிடைக்கும், பொன்னாடை கிடைக்கும். முன்னூறு என்பது முன்னூறாகவே இருக்கும்.

ஒரு தமிழாசிரியர் ஓராண்டில் எத்தனை பயிற்சி ஏடுகளைத் திருத்துகிறார்! ஒரு வகுப்புக்கு முப்பது மாணவர், வாரத்துக்கு ஒரு கட்டுரை என்று கொண்டாலும் ஓராண்டில் ஆயிரத்துக்கு மேல் ஆகும். அத்தனை ஏட்டிலும் சிவப்பு மையால் ஒற்று இடுகிறார். ஒருமை பன்மை திருத்துகிறார். ஆண்டிறுதியில் அவ்வேடுகள் பழைய தாள் வாங்குவோரிடம் போகின்றன. கற்ற மாணவர் உள்ளத்தில் அத்திருத்தம் நிற்கிறது என்பது உண்மையே. அப்பணியை இழித்துரைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயின் அதே மையில் நூறில் ஒரு பங்கை, உலகத் தமிழ் மாணவர் அனைவரும் திறந்து படிக்கும் களஞ்சியத்தின்மேல் செலவிட மனம் வராதது ஏன்? கலிபோர்னியப் பொறியாளரைப் போல ஒரே ஓர் ஆசிரியர், நினைவுகூறு என்னும் ஒரே ஒரு பிழையை மட்டும் தம் பங்காக எடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை தேடித் திருத்தினாலும் போதும். அதற்கு முனைவர் பட்டம் வேண்டா; நிரல் எழுதவும் வேண்டா; தேடும் பெட்டி அங்கேயே இருக்கிறது.

"அது பொறியாளர் பழக்கம், தமிழ்ப் புலமை மரபு வேறு" என்று சிலர் ஒதுங்கப் பார்ப்பர். அவர்கள் தம் மரபையே அறியார். தமிழில் கலைக்களஞ்சிய முயற்சிகளின் முன்னோடியாகப் போற்றப்படும் அபிதான சிந்தாமணி 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் துணையால் வெளிவந்தது. அதனைத் தொகுத்தவர் ஆ. சிங்காரவேலு முதலியார். அவர் யார்? சென்னையில் பச்சையப்பன் பெயர் தாங்கிய கல்வி நிலையத்தில் தமிழாசிரியர். நாள்தோறும் பாடம் நடத்திய ஒருவர், எஞ்சிய பொழுதில் புராணப் பெயரையும் புலவர் வரலாற்றையும் பொருள் விளக்கத்தையும் ஆயிரம் பக்க அளவிற்குத் தனியொருவராகத் திரட்டினார். குழு இல்லை, ஊதியம் இல்லை. விரிவாக்கப்பெற்ற இரண்டாம் பதிப்பு 1934இல் வந்தபோது அவர் உயிரோடும் இல்லை. பின்னர்ப் பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராயிருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வழி 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தார். தூரனும் ஆசிரியப் பணி ஆற்றியவரே. இவ்விருவரின் வழித்தோன்றல் என்று உரிமை கொண்டாட வேண்டியவர் இன்று வாயிலில் நின்றுகொண்டு, உள்ளே வேலை செய்கிறவரைப் பார்த்து, "உனக்கு இங்கு என்ன வேலை?" என்று கேட்கிறார்.

இவ்வட்டாரத்திலேயே சான்று உண்டு. சிங்கப்பூரில் ஆசிரியராகவும் பின்னர்த் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளராகவும் இருந்த சிறுகதையாசிரியர் நா. கோவிந்தசாமி, இணையத்தில் தமிழெழுத்து ஏற வழி தேடி உழைத்தார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றப்பட்டபோது தமிழும் அங்கு எழுத்துருவோடு நின்றது அவர் முயற்சியாலே. 1997இல் தமிழ் இணைய மாநாட்டைச் சிங்கப்பூரிற் கூட்டுவித்ததிலும் அவர் பங்கு பெரிது. 1999இல் மறைந்தார். மலேசியாவில் பொறியாளர் முத்து நெடுமாறன் முரசு என்னும் தமிழ் மென்பொருளை 1980களின் நடுவிலேயே தொடங்கி வளர்த்தார். ஒருவர் ஆசிரியர், ஒருவர் பொறியாளர். இருவருள் எவரும் மற்றவரைப் பார்த்து இவ்வேலை உனக்குரியதன்று என்று சொல்லியிருந்தால், இன்று மாணவர் கைப்பேசியில் அம்மா என்று தட்டுவதும் எளிதாகியிராது.

தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்கமும் இத்தகையதே. 2003இல் தொடங்கிய அதனை முதலாண்டுகளில் பெரும்பாலும் தாங்கி நின்றவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். அவர் தொழிலாற் கட்டடக்கலைஞர். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் பின்னாளில் அவருக்கு இயல் விருது அளித்தது. 2017இல் அக்களஞ்சியம் ஒரு நூறாயிரம் கட்டுரைகளைக் கடந்தது. கட்டடக்கலைஞர், பொறியாளர், மருத்துவர், மாணவர் எனப் பலர் அடுக்கிய செங்கல் அது. இடையிடையே சில ஆசிரியர்களும் உழைத்துள்ளனர். அவர்களுக்கு இக்கண்டனத்திற் பங்கில்லை. அவர்கள் சிலராயிருப்பதே குறை.

தகுதியுடையோர் ஒதுங்கினால் இடம் வெற்றிடமாக நிற்கும் என்று எண்ணுவதும் பேதைமை. நில்லாது. ஸ்காட்டுலாந்தில் வழங்கும் ஸ்காட்சு மொழிக்கும் ஒரு விக்கிப்பீடியா உண்டு. 2020ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் ஒரு செய்தி வெளிப்பட்டது. அம்மொழியை அறியாத அமெரிக்க இளைஞர் ஒருவர், சிறு வயதிலிருந்தே ஆங்கில வாக்கியத்தில் சொற்களை மட்டும் அகராதி பார்த்து மாற்றி, பல்லாயிரம் கட்டுரைகளை அதில் நிரப்பியிருந்தார். தீய எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. தொண்டு என்று கருதியே செய்தார். ஆண்டுக்கணக்கில் அதனைப் பார்த்து, "தம்பி, இது எங்கள் மொழி அன்று" என்று சொல்லித் தடுக்கும் அளவிற்கு அம்மொழியாளர் அங்கு இல்லை. வெளிப்பட்டபின் எழுந்த கூச்சல் பெரிது. அவ்விளைஞரை ஏசியோர், அத்தனை ஆண்டுகள் தாம் எங்கிருந்தோம் என்று தம்மைக் கேட்டுக்கொண்டனரா என்பது வேறு.

தமிழும் இதற்கு விலக்கன்று. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருநிறுவனம் ஒன்று கூலிக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் ஏற்றியது. தலைப்புகள் தமிழ் மாணவர் தேவையைக் கருதித் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. நடையோ ஆங்கில எலும்பின்மேல் தமிழ்த்தோல் போர்த்தியது. அதனை எதிர்த்து வாதாடித் தரம் கேட்டவர்கள் அங்கிருந்த ஒரு சில தன்னார்வலரே. மொழித்தூய்மை பேசும் மன்றங்களிலிருந்து அவர்களுக்குக் கைகொடுக்க வந்தோர் மிகச் சிலர். அக்கட்டுரைகளைத் திருத்தும் சுமை பல்லாண்டுக் காலம் அவர்கள் தோளிலேயே கிடந்தது. கன்னிங்காம் சொன்ன கடனுக்கு இதனினும் தெளிவான கணக்கு வேண்டுவதில்லை.

இன்று நிலைமை இன்னும் ஒரு படி கடந்துவிட்டது. மாணவர் வினாவுக்கு நொடியில் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அவை மொழியைக் கற்ற ஏடுகளுள் விக்கிப்பீடியாவும் ஒன்று. அங்கே பிழையாக நிற்கும் ஒரு தொடர் அக்கருவியின் வாயில் ஏறி, மாணவரின் ஒப்படைப்பில் இறங்கி, திருத்துதற்கென ஆசிரியர் மேசைக்கே வந்து சேர்கிறது. சிவப்பு மையை எடுக்க மறுத்த இடத்திலிருந்தே அப்பிழை புறப்பட்டு வந்தது என்பதை அறியாமல், ஆசிரியர் அம்மாணவரின் ஏட்டில் வட்டமிட்டு மதிப்பெண்ணைக் குறைக்கிறார்.

"எழுதினால் பெயர் வராது, பதவி உயர்வுக்கு உதவாது" என்பது கடைசிச் சாக்கு. பெயர் வராது என்பது முழு உண்மையன்று. ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றிலும் எந்த எழுத்தை எப்போது எவர் எப்பெயரில் மாற்றினார் என்பது பதிந்தே இருக்கிறது. பதவி உயர்வுக்கு உதவாது என்பது பெரும்பாலும் உண்மை. சிங்காரவேலு முதலியாருக்கும் அஃது உதவியதாகத் தெரியவில்லை.

எழுதுவதற்குப் பொருள் இல்லையோ என்றால், கலிபோர்னியாவில் உள்ளவர் எத்துணைப் பொறுமையுடையவராயினும் எழுத இயலாதவை இம்மண்ணில் மலிந்து கிடக்கின்றன. 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிட்டு, 2016இல் மலேசியத் தமிழ்க் கல்விக்கு இருநூறாண்டு விழா எடுத்தனர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் அந்நாட்டில் இயங்குகின்றன. அவற்றுட் பல, தோட்டம் துண்டாடப்பட்டபோது இடம்பெயர்ந்தவை, அத்தாப்புக் கொட்டகையில் தொடங்கியவை, பெயர் மாறியவை. எந்தக் கங்காணியின் வீட்டுத் திண்ணையில் முதல் வகுப்பு நடந்தது, எந்த ஆண்டு பால்மரம் வெட்டிச் செம்பனை நட்டனர், எந்த ஆண்டு மாணவர் தொகை குறைந்து பள்ளி நகர்ப்புறத்துக்கு மாற்றப்பட்டது என்பன அங்கு முப்பதாண்டு பணியாற்றிய தலைமையாசிரியருக்கு நாள் கிழமையோடு தெரியும். பள்ளி ஆண்டு மலர்களும் வருகைப் பதிவேடும் பழைய நிழற்படமும் அவர் அறை அலமாரியிலேயே இருக்கின்றன. சான்று காட்டி எழுதுவதற்கு வேண்டியதெல்லாம் அவைதாம். ஓய்வுபெறும் நாளில் அவருக்கு மாலை சூட்டுகின்றனர், வாழ்த்துப்பா படிக்கின்றனர், அலமாரிச் சாவியைப் புதியவரிடம் கொடுத்துவிட்டு அவர் வீடு திரும்புகிறார். பள்ளியின் பெயர் களஞ்சியத்தில் சிவப்பு நிறத்திலேயே நிற்கிறது.